பைத்தானில் பயனர் உள்ளீடு: பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

பைத்தான் கற்கத் தொடங்கியவர்கள் முதலில் எழுதிப் பார்க்கும் நிரல்களில் ஒன்று, பயனரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி, கணக்குப் போட்டு, விடையைத் திரையில் காட்டும் நிரல். நான்கே வரிதான், பாடத்தில் இருந்தபடியே தட்டியும் இருப்பீர்கள், ஆனாலும் இயக்கினால் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வரும், அல்லது அதைவிட மோசமாக, பிழை ஏதும் சொல்லாமல் தவறான விடை வரும். இத்தகைய தடுமாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான் இருக்கிறது. பயனர் தட்டியது நிரலுக்குள் என்னவாக வந்து சேர்ந்தது என்பதைப் பார்க்காமல், நாம் நினைத்தபடியே வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அதைப் பார்க்கப் பழகுவதற்கான வழிமுறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் பைத்தானின் கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். விலை, எடை போன்ற மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 3 வெளிவந்த 2008 முதலே அதற்கு அனுமதி உண்டு.

நாம் எடுத்துக்கொள்ளும் நிரல், காய்கறிக் கடையில் கிலோ விலையையும் எடையையும் கேட்டு மொத்தத் தொகையைச் சொல்வது.

விலை = இன்புட்("ஒரு கிலோ விலை: ")
எடை = இன்புட்("எடை: ")
தொகை = விலை * எடை
ப்ரின்ட்("மொத்தம்", தொகை)

படி 1: நிரல் உண்மையிலேயே உள்ளீட்டுக்காகக் காத்திருக்கிறதா?

நிரல் "தொங்கிவிட்டது" என்று சொல்பவர்களில் பலருடைய நிரல் தொங்கவே இல்லை. இன்புட் என்பதன் அடைப்புக்குறிக்குள் கேள்வி எதையும் எழுதாமல் விட்டிருப்பார்கள், நிரலும் எதுவும் கேட்காமல் மௌனமாகப் பதிலுக்குக் காத்திருக்கும். கேள்வியை எழுதுங்கள், இறுதி மேற்கோள் குறிக்கு முன் ஓர் இடைவெளியும் விடுங்கள், இல்லாவிட்டால் பயனர் தட்டுவது கேள்வியோடு ஒட்டிக்கொண்டு தெரியும். விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், நிரல் எந்தப் பலகத்தில் ஓடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அவுட்புட் என்ற பலகம் விடையைக் காட்ட மட்டுமே. அதில் எதையும் தட்ட முடியாது. டெர்மினல் பலகத்தில்தான் நிரலை இயக்க வேண்டும்.

பழைய பாடம் ஒன்றைப் பார்த்துத் தட்டியிருந்தால், பதிப்பையும் சரிபாருங்கள். பைத்தான் 2-இல் இன்புட் என்பது, பயனர் தட்டியதை ஒரு நிரல் வரியாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிட்டுவிடும். 40 என்று தட்டினால் எண்ணாகவே கிடைக்கும், பெயரைத் தட்டினாலோ பிழை வரும். பைத்தான் 3-இல் அப்படி இல்லை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்துப் பாடங்கள் இன்னும் இணையத்தில் உலவுகின்றன.

படி 2: பிழைச்செய்தியைக் கீழிருந்து படியுங்கள்

நம் நிரலில் விலைக்கு 40 என்றும் எடைக்கு 3 என்றும் கொடுத்தால், மூன்றாம் வரியில் டைப்எரர் வந்து நிற்கும். புதியவர்கள் செய்தியின் மேல் வரிகளைப் பார்த்து மிரண்டுவிடுகிறார்கள். பைத்தானில் முக்கியமான தகவல் கடைசி வரியில் இருக்கும், எந்த வரியில் தடுக்கி விழுந்தது என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். உள்ளீடு தொடர்பாக நீங்கள் அடிக்கடி காணப்போவது இரண்டே வகை. டைப்எரர் என்றால், எண்ணுக்குச் செய்ய வேண்டிய வேலையை, வெறும் எழுத்துத் தொடரான சரத்துக்குச் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள், அதாவது மாற்றவே மறந்துவிட்டீர்கள். வேல்யூஎரர் என்றால், மாற்ற முயன்றிருக்கிறீர்கள், ஆனால் வந்த எழுத்துகள் எண்ணாக மாறக்கூடியவையாக இல்லை. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிழைச்செய்தி வராத தவறுகள்தாம் உண்மையில் ஆபத்தானவை. எடையை மட்டும் முழு எண்ணாக மாற்றிவிட்டு விலையை அப்படியே விட்டால், சரத்தை முழு எண்ணால் பெருக்குவது பைத்தானில் செல்லுபடியாகும் செயல் என்பதால், 40 ரூபாய்த் தக்காளி மூன்று கிலோவுக்கு 404040 என்று விடை வரும். விலையோடு வண்டிக்கூலி 20-ஐக் கூட்டச் சொன்னால், இரண்டும் சரங்களாக இருக்கும் நிலையில் 4020 என்று ஒட்டிவரும். சரங்களாக ஒப்பிட்டால் 100 என்பது 20-ஐவிடச் சிறியது, ஏனெனில் முதல் எழுத்தான 1, 2-க்கு முன்னால் வருகிறது. சரமான "5" எண்ணான 5-க்குச் சமமா என்று கேட்டால், பைத்தான் எந்தச் சலனமும் இல்லாமல் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

படி 3: வந்ததை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள்

எந்த உள்ளீட்டுச் சிக்கலானாலும், திருத்தத் தொடங்கும் முன் இன்புட் வரிக்கு அடுத்து இந்த ஒரு வரியைச் சேருங்கள்:

ப்ரின்ட்(ரெப்ர்(விலை), டைப்(விலை))

சாதாரணமாக அச்சிட்டால் 40 என்று மட்டும் தெரியும்; அது சரமா எண்ணா என்று கண்ணால் சொல்ல முடியாது. ரெப்ர் வழியாக அச்சிட்டால் சரம் மேற்கோள் குறிகளுடன் தெரியும், முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளிகளும் அந்தக் குறிகளுக்குள் அம்பலமாகும். டைப் என்பது அதன் இனத்தைச் சொல்லும். பயனர் எண்ணைத்தானே தட்டினார் என்று நீங்கள் எவ்வளவு உறுதியாக நம்பினாலும், பைத்தான் 3-இல் இன்புட் திருப்பித் தருவது எப்போதும் சரமே, விதிவிலக்கு கிடையாது. இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்காமல் நிரலை இங்கும் அங்கும் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

படி 4: எண்ணாக மாற்றுங்கள், ஆனால் எந்த எண்ணாக?

மாற்றுவதற்கு இன்ட், ஃப்ளோட் என இரண்டு செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) உண்டு. இன்ட் முழு எண்களுக்கு, ஃப்ளோட் பதின்ம எண்களுக்கு. எடை 1.5 ஆக இருக்கலாம் என்பதால் நமக்கு ஃப்ளோட் தேவை, "1.5" என்ற சரத்தை இன்ட்டிடம் கொடுத்தால் அது 1 என்று குறைத்துக்கொள்ளாது, வேல்யூஎரர் தந்து நின்றுவிடும்.

இவை எதை ஏற்கும், எதை மறுக்கும் என்பதை ஒருமுறை நீங்களே தட்டிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் சில விடைகள் எதிர்பாராதவை. எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை இரண்டும் பொருட்படுத்துவதில்லை. எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினால் வெற்றுச் சரம் வரும். அதை இரண்டும் மறுக்கும். "3 கிலோ" என்றாலும் மறுக்கும். ௧௨ என்று தமிழ் எண்களில் தட்டினால்? தயங்காமல் ஏற்றுக்கொண்டு 12 என்று தரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறையில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்களாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱ ஆகியவை அந்த வகையில் இல்லை என்பதால் அவற்றை ஏற்காது.

காற்புள்ளியில்தான் கவனம் தேவை. 1,200 என்று தட்டினால் வேல்யூஎரர் வரும் என்பதால், காற்புள்ளிகளை நீக்கிவிட்டு மாற்றுவது பரவலான தீர்வு. விலைக்கு அது பொருந்தும். எடைக்கு அதையே செய்தால், ஒன்றரைக் கிலோவை 1,5 என்று கைதவறித் தட்டியவருக்குப் பதினைந்து கிலோவுக்குத் தொகை போட்டுவிடுவீர்கள். ஐயமான உள்ளீட்டை ஊகித்துத் திருத்துவதைவிட, மறுபடி கேட்பதே நேர்மையான நிரலின் வழி.

மாற்றும் முன் இஸ்டிஜிட் என்ற சோதனையை வைக்கச் சில பாடங்கள் சொல்கின்றன. -5, 1.5 ஆகிய இரண்டையுமே அது எண் இல்லை என்று சொல்லிவிடும். மேலெழுத்தாக வரும் ² என்ற குறியையோ இலக்கம் என்று ஒப்புக்கொள்ளும், அதை நம்பி இன்ட்டிடம் கொடுத்தால் பிழை வரும். ஆகவே முன்கூட்டிச் சோதிப்பதைவிட, மாற்ற முயன்று பார்த்து (ட்ரை), முடியாதபோது கையாள்வதே (எக்ஸெப்ட்) மேல்.

படி 5: சரியான பதில் வரும்வரை கேளுங்கள்

டெஃப் எண்_கேள்(கேள்வி, கீழ், மேல்):
    வைல் ட்ரூ:
        உரை = இன்புட்(கேள்வி)
        ட்ரை:
            எண் = ஃப்ளோட்(உரை)
        எக்ஸெப்ட் வேல்யூஎரர்:
            ப்ரின்ட்("எண்ணாக மட்டும் எழுதுங்கள், காட்டாக 1.5")
            கன்டின்யூ
        இஃப் கீழ் < எண் <= மேல்:
            ரிட்டர்ன் எண்
        ப்ரின்ட்("அளவு", கீழ், "-க்கு மேல்,", மேல், "-க்குள் இருக்க வேண்டும்")

இதை நிரலின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, விலை = எண்_கேள்("ஒரு கிலோ விலை: ", 0, 1000) என்றும், எடை = எண்_கேள்("எடை, கிலோவில்: ", 0, 100) என்றும் மாற்றினால் போதும்; பெருக்கும் வரியையும் அச்சிடும் வரியையும் தொட வேண்டியதே இல்லை. மாற்றம் ஒரே இடத்தில் நடப்பதால், அதைத் தாண்டி உள்ளே வரும் எல்லாமே எண்தான் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, ட்ரைக்குள் மாற்றும் வரி ஒன்று மட்டுமே இருக்கிறது. கணக்கு முழுவதையும் அதற்குள் திணித்தால், வேறெங்கோ நடந்த தவறுக்கும் பயனரைக் குறைசொல்லும் செய்தி வரும். இரண்டாவது, எக்ஸெப்டுக்குப் பின் வேல்யூஎரர் என்ற பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். அதை எழுதாமல் வெறும் எக்ஸெப்ட் என்று விட்டு, இன்புட் வரியையும் ட்ரைக்குள் வைத்துவிட்டால், நிரலை நிறுத்த நீங்கள் அழுத்தும் கன்ட்ரோல்-சி கூட அதில் மாட்டிக்கொண்டு, "எண்ணாக மட்டும் எழுதுங்கள்" என்ற செய்தியே திரும்பத் திரும்ப வரும். கடைசியில் டெர்மினலையே மூட வேண்டியிருக்கும். மூன்றாவது, எல்லைச் சோதனையை "இந்த வரம்புக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்" என்று எழுதியிருப்பது காரணமாகத்தான். ஃப்ளோட், எண்ணே அல்லாத ஒரு மதிப்பைக் குறிக்கும் "நான்" (என்-ஏ-என்) என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லையும் ஏற்றுக்கொள்ளும். அந்த மதிப்பு எதைவிடவும் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. "சுழியைவிடக் குறைந்தால் மறு" என்று எழுதியிருந்தால் அது நழுவி உள்ளே வந்திருக்கும்.

படி 6: ஆம், இல்லை என்ற பதில்கள்

இன்னொரு காய் சேர்க்கவா என்று கேட்டு, பதிலை இப்படிச் சோதிப்பவர்கள் ஏராளம்: இஃப் பதில் == "ஆம்" ஆர் "சரி". நாம் பேசும் வழக்கில் இது சரியாகப் படுகிறது. பைத்தானுக்கோ, ஆர் என்பதற்கு அப்பால் நிற்கும் "சரி" ஒரு தனி நிபந்தனை, வெற்றாக இல்லாத எந்தச் சரமும் உண்மை என்பதால் நிபந்தனை எப்போதும் நிறைவேறிவிடும். பயனர் இல்லை என்று தட்டினாலும் நிரல் அடுத்த காயைக் கேட்கும். இஃப் பதில் இன் ("ஆம்", "சரி") என்று எழுதுவதே முறை. இந்த வடிவத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அடைப்புக்குள் ஒரே சொல்லை மட்டும் வைத்து, அதன்பின் காற்புள்ளி போடாமல் விட்டால், பைத்தான் அதைப் பட்டியலாகக் கொள்ளாமல் வெறும் சரமாகக் கொண்டு, பதில் அச்சரத்தின் ஒரு பகுதியா என்று பார்க்கும். வெற்றுச் சரம் எந்தச் சரத்துக்கும் பகுதியே என்பதால், எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தியவரும் ஆம் சொன்னவராகிவிடுவார்.

ஒப்பிடும் முன் பதிலுக்கு ஸ்ட்ரிப் போட்டு ஓரத்து இடைவெளிகளை நீக்குங்கள். தமிழ் உள்ளீட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. கொத்தமல்லி என்பதன் முதல் எழுத்தை, க-வுடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். எகரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைத்தானின் சமக்குறியோ வேறு வேறு என்று சொல்லிவிடும். யூனிகோடுடேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூறை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவம் கேட்டு இரு பக்கத்துச் சரங்களுக்கும் பயன்படுத்தினால் இவை ஒன்றாகிவிடும். நகலெடுத்து ஒட்டிய உரையில் ஒளிந்துவரும் அகலமற்ற இணைப்புக் குறிகளை ஸ்ட்ரிப்போ நார்மலைஸோ நீக்காது. ரெப்ரில் கூட ஐயம் தீராவிட்டால் அஸ்கி என்ற செயற்கூறின் வழியாக அச்சிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குறியும் தன் யூனிகோடு எண்ணோடு தெரிந்துவிடும்.

படி 7: இணையத்தில் இயக்கும்போது

சில இணைய நிரல் பக்கங்களில் உள்ளீட்டை இயக்கும் முன்பே ஒரு தனிப் பெட்டியில் எழுதித் தர வேண்டும். நிரலில் இன்புட் மூன்று முறை வந்து, பெட்டியில் இரண்டு வரிகளே இருந்தால், மூன்றாவது முறை இஓஎஃப்எரர் என்ற பிழை வரும். இது உங்கள் கணக்கின் தவறன்று. படிக்க வரி மிச்சமில்லை என்பதே பொருள். ஒவ்வொரு பதிலையும் தனி வரியில் எழுதுங்கள். விலையையும் எடையையும் 40 3 என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், முதல் இன்புட்டே அந்த முழு வரியையும் எடுத்துக்கொண்டுவிடும். நம் எண்_கேள் அதை மறுத்துவிட்டு மறுபடி கேட்கும்போது படிக்க வரி இல்லாமல் மேற்சொன்ன பிழையிலேயே போய் முடியும்.

வேறொருவரிடம் நிரலைக் கொடுக்கும் முன், எடைக்கான கேள்வியில் வெறும் என்டர், 0, -2, 1,5, "2 கிலோ", ௩, 5000 ஆகியவற்றை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ௩ ஒன்றுதான் ஏற்கப்பட வேண்டும். மற்ற ஆறுக்கும் நிரல் நிற்காமல், தெளிவான செய்தி சொல்லி, மறுபடி கேட்க வேண்டும்.