அழித்தும் நிரம்பும் வன்தட்டு: இடம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு ஒருவர் நன்கொடையாகத் தந்த விண்டோஸ் 7 மேசைக் கணினி ஒன்று இருந்தது. 2019இல் ஒரு சனிக்கிழமை, ஐஸ்டெட்ஃபோட் என்னும் கலைப் போட்டிக்காகப் பிள்ளைகள் தேவாரம் பாடுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, வன்தட்டில் இடம் இல்லை என்ற அறிவிப்போடு பதிவு பாதியில் நின்றது. வகுப்பை நடத்தும் அக்கா, "தம்பி, போன வருடத்துக் காவடிப் படங்களை அழித்துவிடலாமா?" என்று கேட்டார். மெமரி ஸ்டிக்கில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அழித்தோம்; 6 ஜிபி கிடைத்தது. இரண்டு வாரத்தில் அந்த 6 ஜிபியும் போய்விட்டது. அதற்குள் நாங்கள் புதிதாகச் சேர்த்தவை பத்துப் பன்னிரண்டு பாடல் பதிவுகள் மட்டுமே.

வன்தட்டு நிறைந்திருப்பது ஒரு சிக்கல். நிறைந்துகொண்டே போவது வேறொரு சிக்கல். முன்னதற்குப் பெரிய கோப்புகளைத் தேடி அழித்தால் போதும். பின்னதற்கு அது உதவாது, ஏனெனில் அங்கே தேட வேண்டியது எது பெரியது என்பதை அல்ல, எது வளர்கிறது என்பதை. இந்த வேறுபாடு புரியாமல் நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்வது போன்றவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள் என்று எண்ணி, நேராக அடுத்த கட்டத்துக்கு வருகிறேன்.

முதல் படி: ஒரு குறிப்பேடு

எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, தேதி, நேரம், சி டிரைவில் மீதமுள்ள இடம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கணினியைத் திறந்தவுடன் ஒரு முறையும், மூடுவதற்கு முன் ஒரு முறையும் எழுத வேண்டும். எங்கள் கணினியில் நான்கு மணி நேர வகுப்புக்குள் ஏறத்தாழ 1 ஜிபி குறைந்தது; அணைத்து வைத்திருந்த நாட்களில் எதுவும் குறையவில்லை. யாரும் எதையும் சேமிக்காத மாலை வகுப்பிலும் அதே அளவு குறைந்ததைப் பார்த்த பிறகுதான், பிள்ளைகளின் பதிவுகள்மீது நான் கொண்டிருந்த சந்தேகம் விலகியது.

இதை எழுதும்போது மொத்த அளவைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். 250 ஜிபி என்று விற்கப்படும் வன்தட்டை விண்டோஸ் 232 ஜிபி என்றுதான் காட்டும். விற்பவர் ஆயிரத்தின் அடுக்குகளிலும் விண்டோஸ் 1024இன் அடுக்குகளிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. அந்த 18 ஜிபியை யாரும் எடுத்துச் செல்லவில்லை.

இரண்டாம் படி: வரைபடம் காட்டும் மென்பொருள்

எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் மென்பொருள்களில் நான் மூன்றைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். விஸ்ட்ரீ மிக வேகமானது. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வன்தட்டின் கோப்பு அட்டவணையையே நேரடியாகப் படிப்பதால் சில வினாடிகளில் முடித்துவிடும். வீட்டுக் கணினியில் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அது இலவசம் என்பதால், வகுப்புக் கணினியில் கட்டற்ற மென்பொருளான வின்டர்ஸ்டாட்டை நிறுவினேன். நான் நிறுவிய பதிப்பு மெதுவாக வேலை செய்தது, தேநீர் குடித்துவிட்டு வரலாம். ட்ரீசைஸின் இலவசப் பதிப்பும் நல்லதே, எனினும் வண்ணக் கட்டங்களாகப் பார்த்துப் பழகிய எனக்கு அதன் பட்டியல் பிடிக்கவில்லை. "ஒரே சொடுக்கில் கணினியைச் சுத்தமாக்குவோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவ வேண்டாம். எது வளர்கிறது என்று அவை சொல்வதில்லை, தடயங்களை மட்டும் அழித்துவிடும்.

நான் முதலில் தடுக்கி விழுந்த இடம் இதுதான். வின்டர்ஸ்டாட்டை வழக்கம்போல் இருமுறை சொடுக்கித் திறந்தேன். அது கூட்டிக் காட்டிய அளவு, விண்டோஸ் காட்டிய அளவைவிடப் பல ஜிபி குறைவாக இருந்தது. சாதாரணப் பயனராக இயங்கும் மென்பொருளுக்குச் சில கோப்புறைகளுக்குள் நுழைய அனுமதி இல்லை. நுழைய முடியாத இடத்தை அது பூஜ்யமாகக் கணக்கிட்டுவிடுகிறது. ஆகவே சின்னத்தின்மீது வலது சொடுக்கி, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுத்தே திறக்க வேண்டும். வின்டர்ஸ்டாட்டின் ஆப்ஷன்ஸ் பட்டியலில் "ஷோ அன்னோன்" என்ற ஒரு வசதியும் உண்டு. அதை இயக்கினால், கணக்கில் வராத இடம் எவ்வளவு என்பதையும் தனியே ஒரு கட்டமாகக் காட்டும்.

மூன்றாம் படி: இரண்டு முறை அளந்து ஒப்பிடுவது

முதல் நாளே பெரிய கட்டத்தைப் பார்த்து அழிக்கத் தொடங்காதீர்கள். மிகப் பெரிய பத்துக் கோப்புறைகளின் பெயரையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதி, ஓரிரு நாள் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு, மறுபடியும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் ஒன்பது கோப்புறைகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புகளுக்கான கோப்புறை மட்டும் வளர்ந்திருந்தது. உள்ளே "கேப்" என்று பெயர் தொடங்கும் 400க்கும் மேற்பட்ட கோப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 எம்பி, மொத்தம் 40 ஜிபி.

அனைத்தையும் அழித்தேன். அக்காவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன். அடுத்த வாரம் திறந்து பார்த்தால் முப்பது புதிய கோப்புகள்.

டெம்ப் கோப்புறையில் விளைவுதான் தெரிகிறது, காரணம் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது நடப்பதையெல்லாம் சிபிஎஸ் என்ற பதிவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. அது பெரிதானதும் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்து, கேப் வடிவத்தில் சுருக்கிச் சேமிக்க முயல்கிறது. அந்தச் சுருக்கும் கருவியால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள முடியாது. எங்கள் கணினியில் அப்படி ஒரு பதிவுக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டியிருந்தது. சுருக்கும் வேலை தொடங்கும், தோற்கும், அரைகுறைக் கோப்பை டெம்ப்பில் விட்டுச் செல்லும், சற்று நேரம் கழித்து மறுபடியும் தொடங்கும். கணினி இயங்கும் நேரமெல்லாம் இதுவே நடந்துகொண்டிருந்தது.

தீர்வில் வரிசை முக்கியம். முதலில் ஸ்டார்ட் பட்டியலில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, "விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்" என்ற சேவையை வலது சொடுக்கி நிறுத்துங்கள். இதைத் தவறவிட்டால், அழிக்க வேண்டிய கோப்பு பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி விண்டோஸ் மறுத்துவிடும். பிறகு விண்டோஸ் கோப்புறையில் லாக்ஸ், அதனுள் சிபிஎஸ் என்ற கோப்புறைக்குச் சென்று, "சிபிஎஸ் பெர்சிஸ்ட்" என்று பெயர் தொடங்கும் பழைய பதிவுக் கோப்பை, அதாவது அந்த 2 ஜிபிக்காரனை, அழியுங்கள். அதன் பிறகே டெம்ப்பில் உள்ள கேப் கோப்புகளை அழிக்க வேண்டும். கடைசியாகக் கணினியை மறுதொடக்கம் செய்து, அந்த வாரம் முழுவதும் குறிப்பேட்டைத் தொடருங்கள். எங்கள் குறிப்பேட்டில் அதன்பின் நான்கு வாரம் எண் அசையவில்லை, பிள்ளைகள் பாடியதைத் தவிர.

உங்கள் கணினியில் வளர்வது வேறொன்றாக இருக்கலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்றால் வகைவாரியான கணக்கு கிடைக்கும். தொடக்கத்துக்கு அது நல்லது, ஆனால் எந்தக் கோப்பு என்று விரல் நீட்டிச் சொல்ல அதனால் இயலாது. மேலே சொன்னபடி இரண்டு முறை அளந்து ஒப்பிடுவது எந்தப் பதிப்பிலும் பயன்படும்.

கைவைக்கக் கூடாதவை

விண்டோஸ் தன் கூறுகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறை வரைபடத்தில் பயமுறுத்தும் அளவில் தெரியும். ஒரே கோப்பு பல பெயர்களில் இணைக்கப்பட்டிருப்பதால், எக்ஸ்ப்ளோரர் அதைப் பலமுறை எண்ணிவிடுகிறது. அதைக் கையால் அழித்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். விண்டோஸுடனேயே வரும் டிஸ்க் கிளீனப் என்ற கருவியில் "கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்" வழியாக மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஹைபர்ஃபில் என்ற கோப்பும் பல ஜிபி எடுக்கும், அதை நீக்கும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதைக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. லோட் ஷெட்டிங் எனப்படும் மின்வெட்டு நேரத்தில் மின்கலம் தீரும் தறுவாயில், திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றித் தூங்கவைப்பது அந்தக் கோப்புதான்.

பின்சேர்க்கை 1

வாசகர் ஒருவர், டிஸ்க் கிளீனப்பில் எல்லாக் கட்டங்களையும் குறியிட்டு அழித்தபோது தரவிறக்கிய கோப்புகள் முழுவதும் போய்விட்டன என்று வருத்தத்துடன் எழுதியிருந்தார். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், பின்னர் நீக்கினார்கள். ஆயினும் செட்டிங்ஸில் உள்ள டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் இன்றும் இருக்கிறது. நம்மவர்களில் பலர் திருமணப் பத்திரிகை முதல் வங்கிக் கணக்கறிக்கை வரை அந்தக் கோப்புறையிலேயே விட்டுவைப்பவர்கள் என்பதால், குறியிடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

பின்சேர்க்கை 2

வின்டர்ஸ்டாட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தும் பெரிய "அன்னோன்" கட்டம் மீதமிருக்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் அது சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைவான கோப்புறையில் சேரும் மீட்புப் புள்ளிகளாக, அதாவது கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சேமிப்புகளாக இருக்கும். ஸ்டார்ட் பட்டியலில் "கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்" என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு இடம் அவற்றுக்கு என்று நகர்த்தி வைக்க ஒரு கோடு வரும். முற்றிலும் அணைத்துவிடாமல் 5 ஜிபி அளவில் நிறுத்துவது என் வழக்கம்.

பின்சேர்க்கை 3

லோட் ஷெட்டிங்கால் திடீரென அணைந்த கணினி மறுபடி எழும்போது வன்தட்டைச் சோதித்துச் சரிசெய்கிறது அல்லவா, அப்போது கிடைக்கும் உடைந்த துண்டுகளை சி டிரைவின் மேல்மட்டத்தில் "ஃபவுண்ட்" என்ற பெயருடனும் 000 என்ற எண்ணுடனும் மறைவான கோப்புறையில் போட்டுவைக்கும். அது தானாக அழிவதில்லை. அடுத்தடுத்த முறை 001, 002 என்று எண் கூடும். டோங்காட்டிலிருந்து எழுதிய ஒரு ஆசிரியையின் கணினியில் இப்படி ஏழு கோப்புறைகள் இருந்தன. எக்ஸ்ப்ளோரரின் வியூ அமைப்பில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளைக் காட்டும்படி மாற்றினால்தான் அவை கண்ணில் படும். அந்த மின்வெட்டின்போது திறந்திருந்த உங்கள் ஆவணங்கள் நலமாகத் திறக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு அவற்றை அழித்துவிடலாம். அழித்தபின் காட்டும் அமைப்பைப் பழையபடி மாற்றிவைக்க மறக்க வேண்டாம்.