கரண்ட் போன மறுநாள் காலை: டேட்டாபேஸ் எழும்பவில்லை என்றால் செய்யக்கூடாதவை

மலையகத்தில் இரவு முழுக்க இடி மின்னல். விடியும்போது கரண்ட் வருகிறது, சேர்வரும் எழும்புகிறது, கணக்குகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் மட்டும் எழும்பவில்லை. பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) கலைந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுக்க வேண்டும், நேற்றைய கிலோக் கணக்கு உள்ளே கிடக்கிறது. ஹற்றன் பக்கத் தோட்ட அலுவலகங்களுக்குக் கணினி வேலை செய்யும் நான் இப்படிப்பட்ட காலைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மின்வெட்டு கெடுத்ததைவிட, அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தில் வைத்த கை கெடுத்ததுதான் அதிகம்.

முதல் தவறு, எரர் லொக்கை (பிழைகளைப் பதியும் பைலை) திறந்து பார்க்காமலே 'கரப்ட் ஆகிவிட்டது', அதாவது தரவு சிதைந்துவிட்டது என்று முடிவுகட்டுவது. மைஎஸ்கியூஎல் எழும்பாததற்கு, கரப்ட் தவிர, மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். லொக்கில் எரர் எண் 13 இருந்தால் அது அனுமதிப் பிரச்சினை. 28 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. இந்த இரண்டிலும் தரவு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஒன்றுமே இல்லாமல், மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, தன் ரீடூ லொக்கை (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பைலை) படித்துத் தானே சரிசெய்துகொண்டிருக்கவும் கூடும். அதற்குச் சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

உண்மையிலேயே கரப்ட் என்றால், எதையும் தொடுமுன் மைஎஸ்கியூஎல்லை நிறுத்திவிட்டு டேட்டா போல்டரை முழுதாக வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ரீடூ லொக் பைல்களை அழிக்கச் சொல்லும் ஆலோசனை இன்னும் சுற்றி வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பதிவாகிவிட்டது என்று சேர்வர் உறுதி சொன்ன, ஆனால் டேட்டா பைலுக்கு இன்னும் போய்ச்சேராத பதிவுகள் அந்த லொக்கில்தான் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படி அழித்து, கடைசி நாளின் கொழுந்துக் கணக்கு முழுதும் போனது. கிளாக்கர் மடுவத்து நிறுவைத் துண்டுகளைத் தேடி ஒவ்வொரு பெயராகத் திரும்ப எழுதினார். துண்டு கிடைக்காத பெயர்களும் இருந்தன. மேல்கிலோவுக்காக, அதாவது நாள் அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கான காசுக்காக, மழையில் நின்று பறித்த ஒருவருடைய உழைப்பு அப்படிக் காணாமல் போவதை என்னால் சின்ன விஷயமாக எடுக்க முடியவில்லை.

பிரதி எடுத்த பிறகு, கொன்பிக் பைலில் (அமைப்புகளை எழுதும் பைலில்) இன்னோடிபி போர்ஸ் ரிகவரி என்ற, சிதைந்த டேட்டாபேஸைக் கட்டாயமாக எழுப்பும் வரியைச் சேர்த்து, அதன் எண்ணை 1இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றலாம். 6 வரை இருக்கிறது. 4ஐயோ அதற்கு மேலேயோ போட்டால் டேட்டா பைல்கள் நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு. எடுத்த எடுப்பிலேயே 6 போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எழும்பியதும் டம்ப் (தரவு முழுதையும் கட்டளைகளாக எழுதிய பைல்) எடுத்து, புதிய டேட்டாபேஸில் ஏற்றி, அந்த வரியை நீக்கிவிட வேண்டும். அப்படியே வைத்து வேலையைத் தொடரக்கூடாது. 'ரிப்பெயார் டேபிள்' கட்டளை இன்னோடிபிக்கு வேலை செய்யாது, அதில் நேரம் போக்க வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் எல்லோரும் ஓடிப்போய்ச் செய்வது 777, அதாவது யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி கொடுப்பது. அது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது. அதோடு, எல்லோரும் எழுதக்கூடிய கொன்பிக் பைலை மைஎஸ்கியூஎல் படிக்காமலே விட்டுவிடும். நீங்கள் போட்ட அமைப்புகள் எல்லாம் பேசாமல் மைஎஸ்கியூஎல்லின் இயல்பு நிலைக்குப் போகும். ரூட் கணக்கில் (லினக்ஸின் முழு அதிகாரக் கணக்கில்) பேக்கப்பைப் பிரதி பண்ணினால் பைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். உரிமையாளரை மைஎஸ்கியூஎல் பயனராக மாற்றினாலே பெரும்பாலும் போதும். உபுண்டுவில் டேட்டா போல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருந்தால், அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கும். அதிலும் புதிய இடத்தைச் சேர்க்க வேண்டும்.

சரி, பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா போல்டரை அப்படியே பென்டிரைவில் இழுத்துப் போடுவது பேக்கப் ஆகாது. பாதிப் பைல் ஒரு நிமிடத்தையும் மீதி இன்னொரு நிமிடத்தையும் காட்டும். டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப்பைச் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் தெரிவோடு ஓட்டுங்கள். ஸ்டோர்ட் புரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்கள்) இருந்தால் ரூட்டீன்ஸ் தெரிவும் வேண்டும், அவை தானாக வராது. பைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இல்லாவிட்டால் அது பாதியில் நின்ற டம்ப்.

அப்புறம், நம் ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று, தமிழ்ப் பெயர்கள். எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட் எடுக்கும். தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 முறையில் அமைத்த டேபிளில் ஏற்றினால் செக்ரோல் (ஆள்வாரியான வேலை, சம்பளப் பதிவேடு) முழுக்கக் கேள்விக்குறிகளாக நிற்கும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பிரதியிலிருந்து பெயரை மீட்க முடியாது. விநோதமான லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம், அதனால் அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டு டம்ப்பைப் பைலுக்குத் திருப்பினாலும் அது யுடிஎப்-16ஆக மாறி, திரும்ப ஏற்ற முடியாமல் போகும். ரிசல்ட் பைல் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

பேக்கப்பை அதே டிஸ்க்கில், அதே அறையில் வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியாபெத்தையில் மண்சரிவில் லயன்களே, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளே, மண்ணுக்குள் போயின. உயிருக்கு முன்னால் கணக்கு பெரிதல்ல. ஆனால் மிஞ்சியவர்களுக்குச் சேர வேண்டிய சம்பளமும் சேமலாப நிதியும் அந்தக் கணக்கை வைத்துத்தான். ஒரு பிரதி கண்டிக்கோ கொழும்புக்கோ, மலைச்சரிவுக்கு வெளியே தினமும் போகட்டும்.

நான் மாத முடிவில், சம்பளம் போட்ட மறுநாள், பேக்கப்பை ஒரு பழைய கணினியில் ஏற்றிப் பார்க்கிறேன். கடைசி நாளின் மொத்தக் கிலோ மடுவத்துப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, பத்துப் பெயர்கள் தமிழில் சரியாகத் தெரிகின்றனவா என்று கிளாக்கரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்கிறேன். அரை மணி நேர வேலை.