மேசைப் போருக்கு ஒரு கூலிப்படை: முதலில் சம்பளக் கணக்கு, அப்புறம் பெயிண்ட்

மேசையில் பகடை உருட்டி ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டுக்காக மினியேச்சர்கள் (சின்னச் சின்ன வீரர், வண்டி உருவங்கள்) வாங்கத் தொடங்குகிற பலருக்கும் முதல் ஆசை ஒரு கூலிப்படைதான். சீருடை கிடையாது, கிடைத்த உருவத்தையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாலு பெட்டிகளில் பிடித்ததையெல்லாம் எடுத்து ஒட்டி மேசையில் அடுக்கிப் பார்த்தால், படையாகத் தெரியவில்லை; பொருட்காட்சிக்கு வந்த கூட்டம் போல நின்றது. அதன்பிறகு, பசையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

படி 1: ஒப்பந்தத்தை எழுதுங்கள்

யார் கூலி கொடுக்கிறார்கள், என்ன வேலைக்கு, எத்தனை மாதத்துக்கு? இந்த மூன்றும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நகர அரசுகள் கூலிப்படைத் தலைவர்களோடு இப்படித்தான் ஒப்பந்தம் போட்டன. அதற்குக் 'கொண்டோட்டா' என்று பெயர். ஆட்கள் எத்தனை, காலம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலேயரான ஜான் ஹாக்வுட் 1364இல் பீசா நகரத்தின் கூலி வாங்கிக்கொண்டு ஃபிளாரன்ஸை எதிர்த்துப் போரிட்டார். பிறகு அதே ஃபிளாரன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1394இல் அவர் இறந்தபோது மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். குதிரைமேல் அவர் அமர்ந்திருக்கும் ஓவியம் இன்றும் அந்த நகரப் பேராலயச் சுவரில் இருக்கிறது. நேற்றைய எதிரி இன்றைய முதலாளி ஆகலாம் என்பதை உங்கள் படையின் கதையிலும் வையுங்கள்.

இன்னொரு வரியும் கட்டாயம் எழுதுங்கள்: இந்தப் படை யாரோடு போரிட மறுக்கும்? இலங்கையின் பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகு மன்னரிடம் வேளைக்காரர் என்ற கூலிப்படை இருந்தது. சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது அவர்கள் கலகத்தில் இறங்கினார்கள் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம். அதே வேளைக்காரர்கள் பிற்பாடு புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக உறுதி தந்த தமிழ்க் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. காசுக்கு எதையும் செய்பவர்கள் என்று எழுதிவைத்தால் படை தட்டையாகிவிடும். மறுக்கும் இடத்தில்தான் அதற்கு உயிர் வருகிறது.

படி 2: ஆயுதத்தை வேலை நடக்கும் ஊரிலிருந்து எடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இருப்பதிலேயே நவீனமான துப்பாக்கி, ஆளுக்கொரு கனரகக் கவசம்! அதற்குக் குண்டும் உதிரிபாகமும் எந்தக் கிரகத்திலிருந்து வரும்?

தென்னாப்பிரிக்காவின் எக்ஸிக்யூட்டிவ் அவுட்கம்ஸ் என்ற தனியார் படை நிறுவனத்தைப் பாருங்கள். அதில் இருந்தவர்களில் பலர் பழைய தென்னாப்பிரிக்கப் படைவீரர்கள். அங்கோலாவில் முன்பு எந்த அரசை எதிர்த்துச் சண்டை போட்டார்களோ, 1993இல் அதே அரசிடம் ஊதியத்துக்குச் சேர்ந்தார்கள். 1995இல் சியரா லியோனுக்குப் போனபோது அவர்கள் பயன்படுத்தியவை சோவியத் தயாரிப்பான பிஎம்பி-2 கவச வண்டிகளும் எம்ஐ-24 ஹெலிகாப்டர்களும். ஒரு காலத்தில் எதிரி ஓட்டிய ரகங்கள்!

உங்கள் கணக்கும் அப்படி இருக்கட்டும். 15 மி.மீ. அளவில் (ஓர் ஆள் உருவத்தின் உயரம் ஏறக்குறைய அவ்வளவு) ஆடுவதானால் 20 காலாள் உருவங்கள், ஒரு நல்ல கவச வண்டி, இரண்டு சாதாரணச் சரக்கு வண்டிகள் போதும். 28 மி.மீ. என்றால் பத்துப் பேரோடு நிறுத்துங்கள், பர்ஸ் தாங்காது. இரண்டு தயாரிப்பு வரிசைகளுக்கு மேல் உருவங்களைக் கலக்க வேண்டாம். சரக்கு வண்டியின் கூரையில் ஒரு துப்பாக்கியைப் பொருத்தினால் படைக்கு உடனே ஒரு முகம் வந்துவிடும்.

படி 3: ஒரே ஒரு பொது அடையாளம்

ஆளுக்கொரு உடை இருக்கலாம், ஆனால் ஓரிடத்தில் எல்லோருக்கும் ஒரே நிறம் வேண்டும். நான் இடது தோளைத் தேர்ந்தெடுத்தேன்: மஞ்சள். அடித்தட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மண் நிறம். ப்ரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு), அடிப்படை நிறம், வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த நிறம்), மேலே லேசாக டிரை பிரஷ் (உலர்ந்தாற்போன்ற தூரிகையால் மேடுகளில் தேய்ப்பது) என்பது வழக்கமான வரிசைதான். வண்டிக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல்: முதலில் பழைய முதலாளியின் நிறத்தை அடித்து, காய்ந்தபின் புது நிறத்தை ஸ்பாஞ்சால் அங்கங்கே விட்டுவிட்டு ஒற்றுங்கள். ஓரங்களில் பழையது எட்டிப் பார்க்கும். ஒரு பத்தி வரலாறு எழுதுவதை இது மிச்சமாக்கும்.

படி 4: சம்பளத்தை ஆட்ட விதியாக்குங்கள்

1527இல் ரோமைச் சூறையாடிய, புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படையினருக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. அதில் ஜெர்மன் கூலிவீரர்கள் ஏராளம். இதை மேசைக்குக் கொண்டுவருவது சுலபம். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் விழுந்ததும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் படை பின்வாங்கத் தொடங்கும். ஆட்டத்துக்கு முன் கூலி முழுதாகக் கொடுக்கப்பட்டிருந்தால் 1 விழுந்தால் மட்டும்.

முதல் ஆட்டம் சின்னதாக இருக்கட்டும்: ஒரு சுரங்க வாசல், ஆறு சுற்று, காவல் வேலை. அப்புறம் நாலாம் சுற்றில் தனியாக ஒரு பகடை. 1 விழுந்தால் முதலாளி திவால் என்று செய்தி வந்துவிட்டதாக அர்த்தம். என் மஞ்சள் தோள்காரர்களுக்கு முதல் ஆட்டத்திலேயே அந்த 1 விழுந்தது. கவச வண்டியில் ஏறி, சுரங்கத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எதிரில் ஆடிய நண்பர் அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும், "சம்பளம் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்.