அந்த அக்காவின் காலண்டர் உங்களுக்கு ஆகாது: மார்பக மறுசீரமைப்புக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாவாடை நாடாவை எங்கே கட்டுவது? அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்கு இருந்த பெரிய கேள்வி இதுதான். புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டு, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு புதிதாக ஒன்றை அமைத்திருந்தார்கள். டாக்டர்கள் 'டீப் ஃபிளாப்' என்பார்கள். அடிவயிற்றில் இந்த இடுப்பு முதல் அந்த இடுப்பு வரை ஒரு நீளத் தையல், தொப்புளைச் சுற்றி வட்டமாக இன்னொன்று. நாடா போய் உட்காரும் இடம் சரியாக இரண்டுக்கும் நடுவில்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை, டிரெஸ்ஸிங், அடுத்த தேதி எல்லாம் இருந்தது. நாடா இல்லை. பதில் வந்தது, இரண்டு வருஷம் முன்பு இதே அறுவை செய்துகொண்ட ஒரு அக்காவிடமிருந்து. "ஆறு வாரத்துக்குப் பாவாடையே வேண்டாம்மா. நைட்டிதான். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா அகலமா எலாஸ்டிக் வெச்ச பேன்ட்டை நல்லா மேலே ஏத்திப் போட்டுக்கோ" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதே போனில், அதே மூச்சில், "எனக்கு எட்டாம் நாளே டியூபை எடுத்துட்டாங்களே, உனக்கு இன்னும் எடுக்கலையா? ஏதோ சரியில்ல போலிருக்கு" என்றும் சொன்னார். காயத்துக்குள் கோக்கும் நீர் வெளியே வருவதற்காக வைத்திருக்கும் டியூபைத்தான் சொன்னார். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. எனக்கு டியூப் எடுத்தது பதினேழாம் நாள். சரியில்லாதது எதுவும் இருக்கவில்லை.

இரண்டும் ஒரே அன்பில் சொன்னவைதான். முதலாவது காதில் வாங்க வேண்டியது, இரண்டாவது விட்டுவிட வேண்டியது. இப்போது நானே நாலைந்து பேருக்கு அந்த அக்கா வேலை பார்க்கிறேன். நானும் மற்றவர்களும் செய்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வந்தவை.

பெயர் ஒன்று, அறுவை வேறு

'ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வயிற்றுச் சதையில் செய்தவருக்கு இரண்டு இடத்தில் காயம். வயிறு இழுக்கும் என்பதால் முதல் ஒன்றிரண்டு வாரம் குனிந்துதான் நடக்க வேண்டும், மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் படுக்க வேண்டும். முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து செய்தவருக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் முதுகில் நீர் கோத்துக்கொள்வது சகஜம், டியூபும் கூடுதல் நாள் இருக்கலாம். எக்ஸ்பேண்டர் வைத்தவர் கதையே தனி. காலிப் பையை உள்ளே வைத்துவிட்டு, சில வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரிப்பார்கள். ஏற்றிய அன்றைக்கு நெஞ்சில் பலகை வைத்த மாதிரி இருக்கும் என்பார்கள். பல மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு, நிலையாக இருக்கும் செயற்கைப் பையான இம்பிளான்ட் வைக்க இன்னொரு அறுவை உண்டு.

ஆகவே யாரிடமாவது அனுபவம் கேட்கும் முன், "உங்களுக்கு எதை வைத்துச் செய்தார்கள்? மார்பகத்தை எடுத்த அன்றே செய்தார்களா, பிறகு செய்தார்களா? ரேடியேஷன் உண்டா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். மூன்றில் ஒன்று மாறினாலும் அவருடைய நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ரேடியேஷன் வாங்கிய தோல் வேறு மாதிரி ஆறும். இம்பிளான்டைச் சுற்றி இறுகிப்போவதும் ரேடியேஷனுக்குப் பிறகு அதிகம்.

எக்ஸ்பேண்டர் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு செய்தி. ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பல எக்ஸ்பேண்டர்களில் காந்தம் வைத்திருப்பார்கள். முழங்கால் வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும். அதன் அட்டை கொடுத்திருந்தால் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சப் பையும் டியூபும்

டியூபை எப்போது எடுப்பது என்பதை நாள் தீர்மானிப்பதில்லை, அளவுதான் தீர்மானிக்கிறது. 24 மணி நேரத்தில் வரும் நீர் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் எடுக்கலாம் என்பது பரவலான வழக்கம். சில டாக்டர்கள் 20 என்பார்கள். அதனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எடுத்துவிட்டார்கள் என்று நச்சரித்துச் சீக்கிரம் எடுக்க வைத்தால், உள்ளே நீர் கோத்து, ஊசி போட்டு உறிஞ்ச வேண்டி வரும்.

இங்கே சின்னத் தவறுகள் நிறைய. அளவை மனக்கணக்காக வைத்துக்கொள்வது ஒன்று. இரண்டு டியூப் இருந்தால் இரண்டையும் ஒரே கப்பில் ஊற்றி அளப்பது இன்னொன்று. எது குறைந்தது, எது குறையவில்லை என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், இடது, வலது என்று நாலு கட்டம் போட்டு எழுதினால் போதும். டியூபின் நுனியில் நீர் சேரும் டப்பாவைக் காலி செய்துவிட்டு, அமுக்காமலே மூடிவிடுவதும் உண்டு. அமுக்கி மூடினால்தான் அது உறிஞ்சும். உப்பியே இருந்தால் சும்மா தொங்குகிற பாட்டில்தான்.

தொங்குவது என்றதும் நினைவுக்கு வருகிறது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தால் கழிப்பறையில் எங்கே வைப்பது? கதவுத் தாழ்ப்பாளில் டியூப் மாட்டி இழுபட்ட வலி எனக்கு இன்னும் மறக்கவில்லை. மஞ்சப் பை ஒன்றில் போட்டு, கழுத்திலிருந்து குறுக்காக மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது பக்கத்துப் படுக்கைக்கு வந்திருந்த ஒரு பாட்டி. கணவரின் பழைய அரைக்கைச் சட்டை, முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டும் கட்டாயம். தலைவழியாகப் போடும் எதையும் அந்த மாதம் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

வெந்நீர்ப் பை, பத்தியம், கட்டி வைத்த கை

நம் வீடுகளில் வலி என்றால் முதலில் வருவது ஒத்தடம்தான். இந்த அறுவைக்குப் பிறகு செய்யக்கூடாதவற்றில் முதலிடம் அதற்குத்தான். புது மார்பகத்தின் தோலிலும் அடிவயிற்றிலும் உணர்ச்சி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். கொஞ்சம் திரும்பி வர மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். முழுதாக வராமலும் போகலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வயிறு இழுக்கிறது என்று துணி சுற்றாத வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். சூடே தெரியவில்லை. எழுந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். தையல் ஆறியும் அந்தப் புண் ஆறவில்லை. ஐஸ் பையும் இதே கதைதான். குளிக்கும் தண்ணீரை உணர்ச்சி உள்ள கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அடுத்தது பத்தியம். "முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், சீழ் பிடிக்கும்" என்று மிளகு ரசமும் சுட்ட அப்பளமுமாக ஒரு மாதம் ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெரிய காயம் ஆற வேண்டிய உடம்புக்குப் புரதம்தான் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் எதுவும் ஆகாதது இல்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரை மலத்தைக் கட்டும், முக்கினால் வயிற்றுத் தையல் இழுக்கும். அதனால் தண்ணீரும் கீரையும் பழமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். தையல் மேல் மஞ்சள் பத்து, தேங்காய் எண்ணெய் எதையும் டாக்டர் சொல்லும்வரை வைக்காதீர்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அவரைத் தெருவுக்கு அனுப்புங்கள். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும். மாற்றி வைத்த சதை பிழைத்திருப்பதே மெல்லிய குழாய்களில் ஓடும் ரத்தத்தால்தான்.

கை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒருத்தி பத்தாம் நாளே பரணில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்கிறாள். இன்னொருத்தி மூன்று மாதம் கையை மார்போடு ஒட்டிவைத்து, தோள் உறைந்துபோய்த் தலை பின்னவே ஆள் தேடுகிறாள். டியூப் இருக்கும்வரை பெரும்பாலும் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் விரல் மடக்குவது, முழங்கை நீட்டுவது எல்லாம் முதல் நாளிலிருந்தே உண்டு. அப்புறம்தான் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. பிசியோதெரபிஸ்டைப் பார்க்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். தண்ணீர்க் குடம், நிரம்பிய குக்கர், மூன்று வயதுப் பேரன் இவை எல்லாம் ஆறு வாரத்துக்கு வேறு யாருடைய பொறுப்போ. பேரனைச் சமாளிப்பதுதான் கஷ்டம். நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவனைத் தலையணை மேல் தானே ஏறி வரச் சொல்லலாம்.

குழுவில் போட்ட போட்டோ

வாட்ஸ்ஆப் குழுக்கள் வந்தபிறகு தனிமை குறைந்தது உண்மை. ராத்திரி இரண்டு மணிக்கு "தூக்கம் வரல" என்று போட்டால் பதில் சொல்ல யாராவது இருப்பார்கள். ஆனால் அதே இரண்டு மணிக்குச் சிவந்த தையலின் போட்டோவைப் போட்டு "இது நார்மலா?" என்று கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. பதினைந்து பேர் "எனக்கும் அப்படித்தான் இருந்தது, பயப்படாதே" என்பார்கள். அவர்களில் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. 100.4 டிகிரியோ மேலேயோ காய்ச்சல், பரவுகிற சிவப்பு, கலங்கி நாற்றமடிக்கும் நீர், ஒரு பக்கம் திடீரென்று வீங்குவது, புது மார்பகம் கறுப்பதோ நீலம் பாய்வதோ வெளுத்துச் சில்லிடுவதோ தெரிந்தால் முதல் போன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரே அவசரப் பிரிவு. குழுவுக்குப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

போட்டோவில் இன்னொரு தொல்லை. அடுத்தவரின் ஒரு வருஷத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, தன் மூன்றாம் வார வீக்கத்தைக் கண்ணாடியில் பார்த்து அழுவது. வடிவம் அமையவே பல மாதம் ஆகும். இரண்டு பக்கத்தையும் ஒத்துவரச் செய்யச் சின்னச் சின்ன அறுவைகள் பிறகு வருவது வழக்கம். காம்பு அமைப்பதோ அந்த இடத்தில் பச்சை குத்துவதோ அதற்கும் பிறகுதான்.

மாதங்கள் கழித்துப் புது மார்பகத்தில் கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்படலாம். ரத்தம் போதாமல் இறுகிய கொழுப்பாகவே பல சமயம் இருக்கும். "எனக்கும் வந்தது, கொழுப்புதான்" என்று தோழி சொன்னதை நம்பிக் காட்டாமல் விடுவது பெரிய தவறு. அவருடையது கொழுப்பு என்று சொன்னது பரிசோதனை. உங்களுடையதையும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. "இது காஸ்மெட்டிக், இன்ஷூரன்ஸ் வராது" என்று குழுவில் யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் உண்டு. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டின் பொது விதியில் அழகு அறுவைக்கு விலக்கு இருந்தாலும், விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு அந்த விலக்கில் சேராது. பாலிசியை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள்.

பக்கத்தில் உட்காருகிறவர் செய்யும் தவறு

நோயாளிக்கு நோயாளி துணை என்பது வாட்ஸ்ஆப்புக்கு வெகு முந்தியது. நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு 1952-ல் மார்பகத்தை எடுத்தார்கள். கையை எப்படி அசைப்பது, உள்ளாடைக்குள் எதை வைப்பது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. தேறியதும் அவரே மற்றப் பெண்களின் படுக்கையருகே போக ஆரம்பித்தார். கையில் ஒரு ரப்பர் பந்து, பயிற்சிக்கு ஒரு கயிறு. 'ரீச் டு ரெக்கவரி' என்ற அந்த முயற்சியை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பந்தும் கயிறும் கொண்டுபோகலாம், வைத்திய ஆலோசனை கொண்டுபோகக் கூடாது என்பது இன்றுவரை இந்த வேலையின் எல்லை.

எனக்கு இந்த எல்லை புரியக் கொஞ்சம் நாள் ஆனது. ஆரம்பத்தில் போகிற இடமெல்லாம் என் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு வருவேன். எதிரில் இருப்பவள் கீமோவுக்கு நடுவில், முடி கொட்டி, எதையும் கேட்கும் நிலையில் இல்லை என்பது கூடத் தெரியாது. தான் தேறி ஒரு வருஷமாவது ஆகாமல் இன்னொருவருக்குத் துணை போகக் கூடாது என்பது இப்போது என் கட்சி. நம் பயத்தையும் அவர் தலையில் இறக்கிவிடுவோம்.

காட்டுவது இன்னொன்று. டாக்டர் காட்டும் படத்தில் தலையும் இல்லை, ஆளும் இல்லை. நிஜமான ஒரு உடம்பைப் பார்ப்பது வேறு. ஆனால் "பார்க்கிறாயா?" என்று நாமாக ஆரம்பிக்கக் கூடாது. அவர்கள் கேட்கட்டும். போன மாதம் ஒரு பெண், அடுத்த வாரம் அறுவை, கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஜாக்கெட் கொக்கியை அவிழ்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தொடலாமா அக்கா?" என்றாள். தொட்டாள். "வலிக்குதா?"

"நீ தொடுறது கண்ணுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல."

கையை எடுக்காமலே, "இதை எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றாள். டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று அவள் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, கடைசியில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.