நாஃப்பிளியோவில் மழை பெய்தால்: இருவருக்கு ஒரு நாள்

என்னைப் போல ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்குச் சிங்கப்பூரில் நீண்ட விடுமுறை என்றால் நவம்பர் கடைசியும் டிசம்பரும்தான். அந்த நேரத்தில் கிரீஸில் அறை வாடகை கோடையைவிட இறங்கியிருக்கும், மழையும் இருக்கும். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு நாளை மழைக்கென்றே ஒதுக்கி வையுங்கள், அந்த நாளில் அதிகம் எதையும் திணிக்காதீர்கள்.

முதலில் ஊர். மழைக்காலத்துக்குத் தீவு வேண்டாம். காற்றின் வேகத்தைச் சொல்லும் பொஃபோர் அளவுகோலில் காற்று 8ஐத் தொட்டால் பெரும்பாலும் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். தெற்குக் கிரீஸின் பெலொப்பனீஸ் தீபகற்பக் கரையில் இருக்கும் நாஃப்பிளியோவுக்கு அந்தக் கவலை இல்லை. நவீன கிரீஸின் முதல் தலைநகரமாக இருந்த ஊர். ஏதென்ஸிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம்.

அறை எடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: கடலைப் பார்த்த ஜன்னல், சின்னச் சமையலறை, சூடாக்கும் வசதி உள்ள ஏர்கான். குளியலறைக்குள் இருக்கிற அலங்காரத்தை எல்லாம் விட்டுவிடுங்கள், பகல் முழுக்க ஜன்னலோரம்தான் உட்காரப் போகிறீர்கள். நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, இரண்டு உருண்டை முனை உள்ள அடாப்டர் எடுத்துப் போங்கள். குடையை நம்பாதீர்கள். அங்கே மழை காற்றோடு சாய்வாக அடிக்கும், மடக்குக் குடை திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைச்சட்டையும் ரப்பர் அடி உள்ள காலணியும் போதும். பழைய ஊரின் நடுவில் இருக்கும் சிந்தக்மா சதுக்கம் முழுக்கப் பளிங்குத் தளம், ஈரத்தில் வழுக்கும்.

மறுநாள் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால், முந்தைய இரவே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். 250 கிராம் வெள்ளை பீன்ஸ் வாங்கி ஊற வையுங்கள். இது ஃபசோலாடா சூப்புக்கு. கிரேக்கர்கள் வீட்டில் அடிக்கடி செய்வது. இறைச்சி கிடையாது, சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். காலையில் பீன்ஸை ஒரு கொதி கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் வெங்காயம், கேரட், செலரி சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். தக்காளியைப் பீன்ஸ் வெந்த பிறகே போட வேண்டும், புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பீன்ஸ் வேகாமல் விறைத்து நிற்கும். கடைசியில் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள், கை நடுங்க வேண்டாம். என் கணவர் ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடுவார். நான் தடுப்பதில்லை.

சூப் வேகிற நேரத்தில் காபி. பிரிக்கி என்ற நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரம் வேண்டும், அறையிலேயே இருக்கக்கூடும். ஒரு கப் குளிர்ந்த தண்ணீருக்கு மாவு போல அரைத்த காபித்தூள் குவியலாக ஒரு தேக்கரண்டி. சர்க்கரை வேண்டுமென்றால் இப்போதே போட வேண்டும், பிறகு கலக்கக்கூடாது. தொடக்கத்தில் மட்டும் கலக்கிவிட்டு, மெல்லிய தீயில் வைத்து, கண் எடுக்காமல் பாருங்கள். ஓரத்திலிருந்து நுரை உள்நோக்கி மூடிக்கொண்டு மேலே எழும். பொங்குவதற்குள் இறக்கி, நுரையை இரண்டு கப்பிலும் பங்கிட்டு, மீதியை ஊற்றுங்கள். தூள் அடியில் தங்கச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், கடைசி வாயைக் குடிக்கக் கூடாது. நம் கோப்பிக்கடை அவசரம் இதற்கு ஒத்துவராது. "என்னங்க, ஆறிடப் போகுது" என்றால், "இன்னைக்கு எங்கே ஓடப் போறோம்?" என்பார் அவர்.

மழை சற்று விட்டதும் ஒரே ஒரு முறை வெளியே போய் வாருங்கள். சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில், வெனிஸ்காரர்கள் 1713ல் கட்டிய கிடங்கில் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். அருகிலுள்ள டென்ட்ரா கிராமத்தில் கிடைத்த வெண்கலக் கவசத்தின் முன்னால் நில்லுங்கள். சுமார் 3,400 ஆண்டுகள் பழையது; கழுத்தை மறைக்கும் உயரமான பட்டையும் தோள் தகடுகளும் அப்படியே இருக்கின்றன. உடன் கிடைத்த தலைக்கவசம் காட்டுப்பன்றித் தந்தங்களை நறுக்கி வரிசையாகத் தைத்தது. அங்கேயே நின்று இதைப் போட்டுக்கொண்டு ஒருவர் எப்படி நடந்திருப்பார் என்று இருவருமாகப் பேசிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. பாறை அடிவாரத்தை ஒட்டிய கடலோர நடைபாதைக்கு மட்டும் அன்றைக்குப் போகாதீர்கள், மழையில் கல் சரியும்.

மதியம் சூப், ரொட்டி, ஆலிவ், ஃபெட்டா சீஸ். அப்புறம் தாவ்லி. பலகையில் பகடை உருட்டி இருவர் ஆடுவது. காபிக்கடைகளில் கேட்டால் பலகை தருவார்கள். அதில் போர்த்தெஸ், பிளக்கோத்தோ, ஃபெவ்கா என்று மூன்று ஆட்டங்கள். போர்த்தெஸிலிருந்து தொடங்குங்கள், அதுதான் எளிது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கைப்பேசியை எடுக்கலாம். குளிர்காலத்தில் நாம் கிரீஸைவிட 6 மணி நேரம் முந்தி இருக்கிறோம். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் மாமியார் இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுவார், அதனால் கிரீஸ் நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்குள் அழைத்துவிடுவோம்.

இரவு படுக்குமுன் காலணிக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், காலைக்குள் ஈரம் பெரும்பாலும் போய்விடும். வானம் வெளுத்தால் பலமிடிக் கோட்டைக்கு ஏறலாம். 999 படி என்பது ஊர்க் கணக்கு. படிகள் காயும்வரை பொறுத்துக் கிளம்புங்கள்.