விலைக்கு வாங்கிய முகவரிகளும் ஸ்பேமில் கிடந்த கொட்டேஷனும்

சென்ற மாதம் சென்னிமலையிலிருந்து ஒரு தம்பி ஈரோட்டில் உள்ள என் கடைக்கு வந்திருந்தார். அப்பா காலத்துத் தறிகளில் போர்வையும் துண்டும் நெய்து, இரண்டு ஆண்டுகளாக இணையத்திலும் விற்று வருகிறார். உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பி, "அண்ணா, இருபதாயிரம் மெயில் ஐடி வாங்கிட்டனுங்க. எல்லாம் ஓட்டல்காரங்க, லாட்ஜ்காரங்க. நேத்தே நாலாயிரம் பேருக்கு அனுப்பிட்டேன்" என்றார். அந்த மகிழ்ச்சி எனக்கு நன்றாகவே தெரிந்த மகிழ்ச்சி. 2016-ல் இதே மேசையில் இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

இணையத்தில் விளம்பரம் செய்யும்போது நேரும் எழுத்துப் பிழை, வாடிக்கையாளர் பெயரை மாற்றிப் போடுவது, தலைப்பு முழுக்க ஆச்சரியக்குறி போன்றவற்றைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. அவற்றை ஒரு முறை செய்தால் யாராவது சிரிப்பார்கள், மறுமுறை நாமே திருத்திக்கொள்வோம். யாரும் சிரிக்காத, யாரும் எடுத்துச் சொல்லாத, ஆனால் மாதக்கணக்கில் வியாபாரத்தை அரித்துக்கொண்டே இருக்கும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்குதல்

எனக்குக் கிடைத்தது ஒரு பென் டிரைவ். உள்ளே ஓர் எக்செல் கோப்பு. அதில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று மூன்று தாள்கள். ஓட்டலுக்கு மஞ்சள், மருத்துவமனைக்குப் பச்சை, விடுதிக்கு நீலம் என்று வண்ணம் தீட்டிக் கொடுத்திருந்தார்கள். நாற்பதாயிரம் முகவரிகள், விலை 3,500 ரூபாய். ஒரு முகவரிக்குப் பத்துப் பைசாகூட விழவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, ஆடித் தள்ளுபடியில் சரக்கு எடுத்தவனைப் போல மகிழ்ந்தேன். எங்கள் டொமைனில், அதாவது கடையின் பெயரில் வாங்கி வைத்திருந்த இணையப் பெயரில், இருந்த விற்பனை முகவரியிலிருந்தே அன்று இரவு அனுப்பத் தொடங்கினேன். கொட்டேஷன், இன்வாய்ஸ், கூரியர் விவரம் என்று கடையின் எல்லாக் கடிதங்களும் போய்க்கொண்டிருந்த முகவரியும் அதுதான்.

மறுநாள் காலையில் இன்பாக்ஸ் நிறைந்திருந்தது. ஆர்டர் என்று நினைத்துத் திறந்தால், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்த அஞ்சல்கள் வரிசையாகக் கிடந்தன. மூன்றாம் நாள், எங்கள் இணையதளத்தையும் அஞ்சலையும் தன் சர்வரில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் எங்கள் கணக்கிலிருந்து அஞ்சல் போவதை நிறுத்தியது. இனி இப்படிச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு திறந்துவிட்டார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து, கொச்சியில் நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரு ஓட்டலின் கொள்முதல் மேலாளர், 600 வெள்ளைத் துண்டுகளுக்கும் 200 படுக்கை விரிப்புகளுக்கும் விலை கேட்டிருந்தார். அன்றே கொட்டேஷன் அனுப்பினேன், இரண்டு நாள் கழித்து நினைவூட்டலும் அனுப்பினேன். பதினோராம் நாள் தொலைபேசியில் அழைத்தபோது, "உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லையே, வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம்" என்றார். ஸ்பேம் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். அவர் திறந்து, மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார்: லாட்டரியில் எனக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம், உங்கள் கொட்டேஷன் இருக்கிறது, எடை குறைக்கும் மாத்திரை, உங்கள் நினைவூட்டலும் இருக்கிறது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு மாதத்தில் இப்படி இன்னும் எத்தனை கடிதங்கள் எங்கெங்கே புதைந்து கிடந்தன என்பது இன்றுவரை கணக்கில் வராத நஷ்டம்.

பட்டியல் விற்பவர்கள் எப்போதும் "வெரிஃபை செய்யப்பட்டது" என்ற சொல்லை முன்னால் வைப்பார்கள். அந்த முகவரியில் ஒரு அஞ்சல் பெட்டி இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. அந்தப் பெட்டிக்குரியவர் உங்கள் கடிதத்தைக் கேட்டாரா என்பதை எந்த மென்பொருளும் சரிபார்க்க முடியாது. பல பட்டியல்களில் அந்தச் சொல்கூட உண்மை இல்லை என்பதை என் நாற்பதாயிரம் காட்டியது.

இதில் நடப்பது என்னவென்றால், ஜிமெயில், யாஹூ போன்ற சேவைகள் அனுப்புகிறவரின் நடத்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. இல்லாத முகவரிகளுக்கு ஏராளமாக அனுப்புகிறவர் பட்டியலை எங்கிருந்தோ அள்ளி வந்திருக்கிறார் என்பது அவற்றுக்குத் தெரிந்துவிடும். இது போதாதென்று, யாருக்கும் சொந்தமில்லாத முகவரிகளையும், உரியவர் எப்போதோ கைவிட்டுப்போன முகவரிகளையும் ஸ்பேம் தடுப்பு அமைப்புகள் பொறியாக வைத்திருக்கின்றன; மனிதர் யாரும் கொடுத்திருக்க முடியாத அந்த முகவரிக்கு உங்கள் விளம்பரம் வந்து சேர்ந்தால், நீங்கள் கேட்காமல் அனுப்புகிறவர் என்பது அங்கேயே உறுதியாகிவிடுகிறது. மூன்றாவது, உயிரோடு இருக்கும் வாசகர் அழுத்தும் ஸ்பேம் பொத்தான். ஸ்பேம் என்ற புகார் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3 விழுக்காட்டை எட்டவே கூடாது என்பது கூகுள் சொல்லும் அளவு. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்தால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் வீட்டுக் கதவைத் தட்டினால் மூன்று பேர் மட்டும்தான் திட்டுவார்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில், "அப்படியானால் அனுப்பும் சேவையை மாற்றிக்கொள்கிறேன்" என்பார்கள். கெட்ட பெயர் பெரும்பாலும் உங்கள் டொமைனோடுதான் ஒட்டியிருக்கிறது, அனுப்பும் கருவியோடு இல்லை. பாக்கி வைத்துவிட்டுப் போன வியாபாரி அடுத்த திங்கட்கிழமை இரவு வேறு வண்டியில் வந்து இறங்கினால், கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் அவரைப் புது ஆள் என்று யாரும் நினைப்பதில்லை. புது டொமைன் வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. நேற்றுப் பதிவான டொமைனிலிருந்து இன்று ஐயாயிரம் அஞ்சல் கிளம்பினால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம். அதோடு பில் புத்தகம், பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, பழைய வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியல் என்று எல்லாவற்றிலும் இருக்கும் முகவரியையும் நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும்.

நான் மீண்டது குறுக்கு வழியில் இல்லை. பென் டிரைவில் வந்த முகவரிகள் அனைத்தையும் அழித்தேன். முந்தைய ஆறு மாதத்தில் உண்மையாகவே சரக்கு வாங்கியவர்களுக்கு மட்டும், ஒரு நாளைக்கு நாற்பது அஞ்சலுக்கு மேல் போகாமல், பதில் எழுதத் தூண்டும்படியான கடிதங்களை அனுப்பினேன். சிலரைத் தொலைபேசியில் அழைத்து, என் கடிதம் ஸ்பேமில் கிடந்தால் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு வரி பதில் போடும்படி கேட்டுக்கொண்டேன். இதைக் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கொட்டேஷன்கள் மறுபடியும் இன்பாக்ஸில் சேர ஐந்து மாதம் ஆயிற்று. அதன் பிறகு விளம்பரக் கடிதங்களுக்குத் தனியாக ஒரு துணை டொமைன் (டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த கிளை) வைத்துக்கொண்டேன். விளம்பரத்தில் ஏதாவது கோளாறு நடந்தாலும் கொட்டேஷனும் இன்வாய்ஸும் போகும் பாதை ஓரளவு தப்பிக்கும்.

சட்டம் வேறு இருக்கிறது. இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் விற்கும் கரூர்க்காரர்களுக்கு 2018 முதல் நடப்பில் உள்ள அந்த ஊர்த் தரவுப் பாதுகாப்பு விதிகள் இன்னும் கடுமையானவை. ஆனால் சட்டம் வந்து பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே ஸ்பேம் பெட்டி உங்களைப் பிடித்துவிடும்.

ஜிமெயில் முகவரியிலிருந்தே மொத்தமாக அனுப்புதல்

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் ஓர் அஞ்சல் சேவையில் கணக்குத் தொடங்கி, அனுப்புகிறவர் என்ற இடத்தில் தம் சொந்த ஜிமெயில் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். ஜிமெயில் சர்வரிலிருந்து கிளம்பாத அஞ்சல் ஜிமெயில் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், வாங்குகிற பக்கம் அதைப் போலி என்று நினைப்பதில் தவறு இல்லை. யாஹூ 2014-லேயே தன் பெயரில் இப்படி வருவதை நிராகரிக்கச் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்கள் அஞ்சல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் டொமைனில் அமைத்திருக்க வேண்டும், விளம்பரக் கடிதத்தில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். நாம் ஐந்நூறுதானே அனுப்புகிறோம் என்று விட்டுவிடாதீர்கள். மூன்றையும் அமைக்க ஒரு மாலைப் பொழுது போதும்.

அதில் நம்மவர்கள் தவறாமல் இடறும் ஒரு கல் இருக்கிறது. எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் வரி. ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு எஸ்பிஎஃப் வரியைக் கொடுக்கும், அஞ்சல் சேவை இன்னொன்றைக் கொடுக்கும், இவர்கள் இரண்டையும் டொமைன் அமைப்பில் தனித்தனியாக ஒட்டிவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகி, இரண்டும் பயனற்றுப் போகும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும்.

கடிதம் முழுவதையும் ஒரே படமாக அனுப்புதல்

ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்த அதே வடிவமைப்பை மின்னஞ்சலிலும் ஒட்டாதீர்கள். படம் தடுக்கப்பட்டால் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். தெரிந்தாலும் கைபேசியில் விலை எறும்பு அளவுக்குத்தான் இருக்கும்.

பதில் அனுப்ப முடியாத முகவரி

விற்கிறவர் காதைப் பொத்திக்கொண்டு பேசுவதற்குச் சமம்.

விலகும் இணைப்பை ஒளித்துவைத்தல்

வெளிர் சாம்பல் நிறத்தில், மிகச் சிறிய எழுத்தில், கடைசி வரிக்கும் கீழே அதை ஒளித்து வைப்பது சாமர்த்தியம் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார், அது எப்போதும் கண்ணெதிரே இருக்கிறது. இன்னொரு சங்கதி: அஞ்சலின் நிரல் 102 கேபி அளவைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். அடியில் இருக்கும் விலகும் இணைப்பும் அதோடு மறைந்துபோகும்.

திறந்தவர் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்தல்

கடிதத்தில் உள்ள ஒரு படம் இறங்கினால் அதைத் திறந்ததாகத்தான் அஞ்சல் சேவைகள் எண்ணுகின்றன. 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிள் மெயில், அந்தரங்கப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு வரும் அஞ்சல்களின் படங்களை, அவர் திறக்காவிட்டாலும் முன்கூட்டியே இறக்கிவைக்கிறது. எண்ணிக்கை அப்போதே ஒன்று ஏறிவிடும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை ஆர்டர் வந்தது என்ற இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

பின்தொடர்பவர்களைச் சொத்து என்று நினைத்தல்

பவானியில் ஜமக்காளம் விற்கும் நண்பர் ஒருவரின் இன்ஸ்டாகிராம் கணக்கு தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு முடக்கப்பட்டது. பன்னிரண்டாயிரம் பேர் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இவரிடம் இல்லை. கணக்கு திரும்பக் கிடைத்தபோது பொங்கல் வந்துவிட்டது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டையும் இதற்கு மாற்றாக முழுதாக நம்ப முடியாது. சாதாரண பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் என்பதோடு, உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். வாங்குகிறவரிடம் ஒப்புதல் கேட்டு முகவரி வாங்கி வைப்பது மெதுவான வேலைதான், ஆனால் அந்தப் பட்டியலை யாரும் முடக்க முடியாது.

கூகுள் மேப்பில் தவறான கடை நேரம்

இன்றே திருத்துங்கள்.

சென்னிமலைத் தம்பியின் கதைக்கு வருகிறேன். மீதமிருந்த பதினாறாயிரத்தை அன்று அங்கேயே நிறுத்தச் சொன்னேன். கொடுத்த காசை நினைத்து அவருக்கு மனம் வரவில்லை. கொச்சிக் கதையைச் சொன்ன பிறகுதான் கோப்பை அழித்தார். கடையில் வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லையா என்று கேட்டதற்கு, கூரியர் அனுப்பிய பழைய ரசீதுக் கட்டுகள் இருக்கின்றன என்றார். அதிலிருந்த எண்களுக்கு ஒவ்வொருவராக அழைத்து, புதுச் சரக்கு வரும்போது கடிதம் போடலாமா என்று கேட்டு, சரி என்றவர்களின் முகவரியை மட்டும் இரண்டு வாரத்தில் சேர்த்தார். 140 பேர் வந்தார்கள். சலுகையோ படமோ இல்லாமல், இந்த மாதம் தறியில் என்ன ஓடுகிறது, எந்த நிறம் சாயப்பட்டறையிலிருந்து வர இருக்கிறது, உங்களுக்கு எந்த அளவு வேண்டும் என்று நான்கு வரி எழுதி அனுப்பினார்.

ஒன்பது பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். அதில் இருவர் பெரிய இரட்டைக் கட்டிலுக்கு இணைப்பு இல்லாத ஒரே போர்வை கேட்டிருக்கிறார்கள். அந்த அகலம் அவருடைய தறியில் விழாது என்பதால், பக்கத்துத் தெருவில் அகலத் தறி வைத்திருப்பவரிடம் கேட்டு வியாழக்கிழமைக்குள் விலை சொல்வதாக இருவருக்கும் எழுதியிருக்கிறார்.