ஆடிக்கு ஊருக்குக் கிளம்புமுன்: கணவர் வழி விசாவில் வந்திருக்கும் டெல்டா பெண்களுக்கு

போன ஆடிப்பெருக்குக்கு லீவில் வந்து மாயவரம் துலாக்கட்டத்தில் நின்றிருந்தேன். காதோலை, கருகமணி, மாவிளக்கு, தாலி பிரித்துக் கோர்க்கும் புதுப்பெண்கள் என்று படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஓரமாக அம்மாவோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தையில் கல்யாணம், சித்திரையில் இங்கிலாந்து. "முதல் ஆடி, அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வாம்மா" என்று மாமியாரே டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறார். வந்து பத்து நாளில் கணவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். ரிட்டர்ன் டிக்கெட்டும் கேன்சல். "என் விசா இருக்கா, போயிடுச்சான்னே தெரியலக்கா. எல்லாம் அவர் இமெயில்லதான் இருக்கு" என்றார்.

வரன் பார்க்கும்போது ஜாதகத்தைப் பத்து பேரிடம் காட்டுகிறோம். மாப்பிள்ளையின் விசா என்ன வகை என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர் அந்த நாட்டுக் குடிமகனா, நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியவரா, வேலை விசாவில் இருப்பவரா? பின்னால் பிரிவு வந்தால் உங்கள் கதி பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் தொங்கும்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லும் ஒன்று உண்டு: "கோர்ட்டில் விவாகரத்து ஆகாதவரைக்கும் விசாவைத் தொட முடியாது." பல நாடுகளில் இது தவறு. நீங்கள் சேர்ந்து வாழ்கிறீர்களா என்பதைத்தான் குடிவரவுத் துறை பார்க்கும். தீர்ப்பு எப்போது வந்தாலும், சேர்ந்து வாழ்வது நின்ற நாளிலிருந்தே சிக்கல் ஆரம்பம்.

பிரிட்டனில் குடிமகனின் மனைவிக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் ஐ.எல்.ஆர். எனும் நிரந்தர அனுமதி. அதற்குள் உறவு முறிந்தால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசாவைப் பொதுவாக 60 நாளாகக் குறைத்துவிடுவார்கள். அந்த நாட்களுக்குள் வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். குழந்தை பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால் பெற்றோர் என்ற வகையில் விண்ணப்பிக்கலாம்.

வன்முறையால் பிரிந்தவர்களுக்குத் தனி வழி உண்டு. வன்முறை என்றால் அடி மட்டுமல்ல. சம்பளத்தைப் பிடுங்குவது, பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது, வீட்டை விட்டு வெளியே விடாதது எல்லாம் சேரும். முதலில் மூன்று மாத இடைக்கால அனுமதி கேட்கலாம். அதில் அரசு உதவித்தொகையும் வாங்கலாம், வேலையும் செய்யலாம். கணவர் குடிமகனோ நிரந்தர அனுமதி உள்ளவரோ என்றால், ஐந்து வருஷம் காத்திராமல் அங்கிருந்தே ஐ.எல்.ஆருக்குப் போகலாம். கணவர் வேலை விசாவில் இருந்தால் அந்த மூன்று மாதம் கிடைக்கும், நிரந்தர அனுமதி கிடைக்காது. ஒரே மாதிரி அடி வாங்கிய இரண்டு பெண்களுக்கு இரண்டு சட்டம். எனக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை.

ஊருக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவுவதையும் பிரிட்டிஷ் சட்டம் இப்போது வன்முறையாகவே பார்க்கிறது. 2024 ஜனவரி 31 முதல் அப்படி விடப்பட்டவர்கள் இந்தியாவில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். துலாக்கட்டத்துப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் அம்மா நம்பவில்லை. போனில் காட்டிய பிறகுதான் முகம் மாறியது.

ஜெர்மனியில் கணக்கு மூன்று வருஷம். அங்கே சட்டப்படி மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகு உங்கள் பெயரிலேயே ஒரு வருஷம் அனுமதியை நீட்டிப்பார்கள். அதற்குள் உங்கள் காலில் நிற்கப் பார்க்க வேண்டும். மூன்றுக்குக் குறைவு என்றால் வன்முறை போன்ற கடுமையான காரணத்தைக் காட்ட வேண்டும். விவாகரத்துக்கு முன் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. ஆகவே தீர்ப்புக்காகக் காத்திருந்தால் விசா முந்திக்கொண்டு போய்விடும்.

காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு பாஸ்போர்ட் மாப்பிள்ளை என்றால் அங்கே தனி மவுசுதான். ஆனால் மனைவிக்குக் குடியுரிமை தாலி ஏறிய அன்றே ஒட்டிக்கொள்வதில்லை. திருமணமாகிக் குறைந்தது நான்கு வருஷம் ஆகி, சேர்ந்து வாழ்வதும் தொடர்ந்தால்தான் கேட்கவே முடியும். அதற்கு முன் பிரிந்தால் பிரெஃபெக்சூர் எனும் மாவட்ட அரசு அலுவலகம் தங்கும் அனுமதிக் கார்டைப் புதுப்பிக்க மறுக்கலாம். குடும்ப வன்முறையால் பிரிந்தவர்களுக்கு மட்டும் அந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது.

அமெரிக்காவில் வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசா விஷயம் தலைகீழ்: பிரிந்து வாழ்ந்தாலும் அந்தஸ்து இருக்கும், விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளோடு போய்விடும். அதனால் தீர்ப்புக்கு முன்பே மாணவர் விசாவோ வேறெதுவோ விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டு வருஷ கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அந்த இரண்டு வருஷ நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைக் கணவர் கையெழுத்தில்லாமலும் போடலாம். கல்யாணம் விசாவுக்காக நடந்ததல்ல என்று நிரூபிப்பதோடு, விவாகரத்து ஆகிவிட்டது அல்லது கொடுமை நடந்தது போன்ற காரணத்தையும் காட்ட வேண்டும். கனடாவில் பி.ஆர். எனும் நிரந்தர அனுமதி கைக்கு வந்துவிட்டால் விவாகரத்து அதைப் பறிக்காது. இரண்டு வருஷம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2017-இல் எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் குடும்பத்தாருக்குத் தரும் டிபென்டென்ட் பாஸ் கணவரின் வேலை பாஸோடு கட்டியது. தாம்பத்தியம் முறிந்தால் அதுவும் போகும்.

பெண்கள் என்று எழுதினாலும், மனைவிக்கு வேலை கிடைத்து டிபென்டென்ட்டாக வந்த ஆண்களுக்கும் இதேதான்.

இனி இங்கே ஊரில். பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசி, "மனமொத்த விவாகரத்து, கையெழுத்துப் போடு, நகையை வாங்கித் தருகிறோம்" என்பார்கள். வெளிநாட்டு வக்கீலிடம் பேசாமல் போடாதீர்கள். அந்தக் காகிதத்தில் எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள் என்று ஒரு வரி இருக்கும். விசா அதிகாரி அதையும் பார்க்கலாம். கணவர் வெளிநாட்டில் ஒருதலையாக வாங்கிய தீர்ப்பு இங்கே தானாகச் செல்லாது. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள காரணம் வேண்டும், நீங்களும் அந்த நீதிமன்றத்தை ஏற்றிருக்க வேண்டும் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். தஞ்சாவூரில் இருந்தால் தஞ்சாவூரிலேயே.

வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பிரிட்டனில் இப்போது கையில் கார்டு கிடையாது, எல்லாம் இ-விசா. அந்த அக்கவுன்டில் உங்கள் சொந்த இமெயில், சொந்த போன் நம்பர் இருக்கட்டும். பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், கணவரின் பாஸ்போர்ட் நகல், வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் வந்த பில்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து, உங்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த இடத்தில் வையுங்கள். இது சந்தேகப்படுவது ஆகாது. நாத்தனார் நகையைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி.

ஊருக்குக் கிளம்பும்போது உங்கள் டிக்கெட்டை உங்கள் இமெயிலிலேயே புக் செய்யுங்கள். விமான மைலேஜ் புள்ளி போகிறதென்று கணவரிடம் விடாதீர்கள். ஆபத்து என்றால் பிரிட்டனில் 999; குடும்ப வன்முறை உதவிக்கு 0808 2000 247, ஜெர்மனியில் 116 016, பிரான்சில் 3919. விசாவுக்குப் பதிவு பெற்ற ஆலோசகரிடமோ சொலிசிட்டரிடமோ மட்டும் போங்கள். கோயிலில் பார்த்த அண்ணன் படிவம் நிரப்பித் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது பிரிட்டனில் குற்றம்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையில் முதலில் செய்தது, அவருக்கென்று ஒரு இமெயில் திறந்ததுதான். பிறகு கேன்சல் ஆன டிக்கெட்டின் மெசேஜ், எடுக்காத அழைப்புகளின் பட்டியல், மாமியார் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். கணவர் பிரிட்டிஷ் குடிமகன், அதனால் வழி இருந்தது; விண்ணப்பம் போய்விட்டது. பதில் வரட்டும் என்று அவர் அம்மா பெட்டியைப் பரணில் ஏற்றாமல் கூடத்து மூலையிலேயே வைத்திருக்கிறார், மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தி.